சலவை முறை, வியாழன்

லாங்கென்தால். சனி காலை, ஒன்பது மணி.
இரவல் வகுப்பறை.
கரும்பலகையின் பாதியில் ஜெர்மன் கணக்கொன்று
'அழிக்காதீர்கள்' என்ற வேண்டுகோளோடு நிற்கிறது.
மிச்சப் பாதி எங்களுக்கு.

இன்றைக்கு விளம்பரம் கீறுவோம் என்றேன்.
கையால் மட்டும். வீட்டில் உள்ள ஒன்றுக்கு.
பொய் சொல்லக்கூடாது.
தெருவில் போகிறவர் நிற்காமல் வாசிக்க வேணும்,
வாசித்த பிறகு நிற்க வேணும்.

முதலில் இரண்டு கோடு,
அழிக்கத்தான் போகிறோம் என்று தெரிந்த கையின் அழுத்தத்தில்.
எழுத்துகள் அதற்குள் நிற்கட்டும்.
ழகரத்தின் வால் மட்டும் கீழே தொங்கலாம்,
அதற்கு அந்த உரிமை உண்டு.

லதுஷா தன் தம்பியை விலைக்குப் போட்டாள்.
'வயது ஆறு. கூப்பிட்டால் காது கேளாது. விலை பேசலாம்.'
தம்பியே பக்கத்தில் இருந்து
தன் தலைமயிருக்குக் கறுப்புத் தீட்டினான்.

எபிநேசன் ஒரு குடை.
உடைந்த கம்பியைப் பெரிதாகக் கீறி
அதன் வழியே மழையையும் உள்ளே விட்டிருந்தான்.
யாரடா இதை வாங்குவினம் என்றேன்.
'வெயிலில் நடக்கிற ஆக்கள்.'

பிரணவன் தாளை முழங்கையால் மறைத்திருந்தான்.

'சலவை முறை. வியாழன் காலை.
மாற்றிக்கொள்வோமா?'

ஒரு கட்டடம், எட்டு வீடு,
நிலவறையில் ஒரே ஒரு இயந்திரம்,
ஆணியில் ஒரு திறப்பு,
யாரும் தொட அஞ்சும் ஒரு அட்டவணை.
புதன் இரவு அம்மாவுக்கு வேலை, ரீச்சர்.
வியாழன் ஏழு மணிக்கு எங்கட முறை.
அவ மெசினில சாய்ஞ்சபடியே நித்திரை.
பேருந்து நேரம் சொல்வதுபோல் சொன்னான்.

'மாற்றிக்' வரைக்கும் எழுத்துகள் சொகுசாக வந்திருந்தன,
ஒவ்வொன்றும் ஒரு நாற்காலி அகலம்.
பிறகு தாள் முடிந்துவிட்டது.
கொகரத்துக்கு முன்னால் ஒரு கொம்பும்
பின்னால் ஒரு காலும் இருப்பதை
அவன் கணக்கில் எடுக்கவில்லை.
மிச்சச் சொல் ஓரத்தால் திரும்பி
எறும்பு வரிசையாய் மேலே ஏறியது.
கீழே அதையே ஜெர்மனில்.
தமிழுக்கு ஒற்றைப் புள்ளி, ஜெர்மனுக்கு இரட்டை.
இருந்த புள்ளியை எல்லாம்
ஜெர்மனுக்கே வைத்து முடித்திருந்தான்.

அழித்துவிட்டு இன்னொரு தாள் எடு
என்று சொல்லத்தான் குனிந்தேன்.
நடுவில் அந்த இயந்திரம்.
அதன் வட்டக் கதவு
ஒரு மூடிய கண்.
இமைமயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக,
பென்சிலை நாலு தரம் சீவியிருப்பான்.

புள்ளி மட்டும் வை, என்றேன்.

அடுத்த கிழமை ஒன்றும் நடக்கவில்லை.
யாரோ ஒட்டுப்பசையை உரித்து
நேராக ஒட்டிவிட்டிருந்தார்களாம்,
அவ்வளவுதான்.
அதற்கடுத்த கிழமை
அவன் கைத்தொலைபேசியில் படம் காட்டினான்.
அவனுடைய கண்ணுக்குக் கீழே
நீலக் குமிழ்முனையால் இன்னொரு இயந்திரம்,
மோசமான வட்டம், கோழி முட்டை மாதிரி,
உள்ளே கண் திறந்திருந்தது.
பக்கத்தில் ஒரு நாள், ஒரு நேரம்.
பெயர் இல்லை.
எந்த வீடு என்று தெரியாது, ரீச்சர்.
மாடிப்படியில் எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு திரியிறன்.

நாள் சனி. நேரம் ஒன்பது.

வகுப்பு முழுக்க என் முகத்தைப் பார்த்தது.
நல்ல விளம்பரம் வேலை செய்யும் என்று
சொல்லிக்கொடுத்தது நான்தான்.

இப்போது ஒன்பதுக்கு அவன் நாற்காலி
மேசைமேல் கவிழ்ந்தபடியே இருக்கும்.
தாய் நித்திரை.
கூடையை இறக்கி, தூளை அளந்து,
கதவுக் கண்ணைச் சாத்திவிட்டு,
உலர்த்தி முடியும்வரை நின்று,
பிறகுதான் அந்த உயர்ந்த நடைபாதையால் ஓடிவருவான்.
பத்தரை. சில நாள் பத்தேமுக்கால்.
ஸ்வெட்டரில் இன்னும் சூடு,
தோளில் யாருடையதோ ஒற்றைக் காலுறை,
அதை எடு என்று நான் சொல்வதில்லை.

நாற்காலியை இறக்குகிறான்.
கோடு போடுகிறான், இரண்டு, மெல்லிசாக.

இண்டைக்கு என்ன விக்கிறம், ரீச்சர்?