வெல்லமும் வெள்ளமும்

விடிவதற்கு முன்னால்
லாட்ஜில் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் போவார்கள்.
"சூரியன் பாக்கணும்னா எழும்புங்க."
எழும்புகிறார்கள்.
சூரியனிடம் போவதற்கு முன்
எல்லாரும் என்னிடம்தான் வருகிறார்கள்.

கார் நிறுத்தும் தளத்துக்கும் கீழே
நாலே முக்காலில் தொடங்கி ஐந்தேகால் வரை
இந்தூர்க்காரரும் கொல்லத்துக்காரரும்
மலையிறங்கி வந்த குண்டூர்ச் சாமிமாரும்
ஒரே குழாயில் இறங்கி
ஊரும் பாஷையும் கரைந்து கலக்கிறார்கள்.
மேலே மூன்று கடல் கூடும் இடம் என்று
விரல் நீட்டிப் படம் பிடிக்கிறார்கள்.
எனக்கும் மூன்று தொட்டி.
ஒன்று கறுப்பு.
ஒன்று தவிட்டு நிறம்.
மூன்றாவதற்கு நிறம் இல்லை,
அப்படித்தான் பதிவேட்டில் எழுத ஆசை.
லேசான மஞ்சள் என்று எழுதுகிறேன்.

புயலடித்து மூன்று நாள் கரண்ட் போனபோது
ஜெனரேட்டர் லிப்டுக்கு ஓடியது.
காற்றூதும் மிஷின் நின்றது.
கண்ணுக்குத் தெரியாத என் பூச்சிகள்
கோடிக்கணக்கில்
மூச்சு முட்டிச் செத்தன.
நாற்றம் மட்டும் லிப்டில் ஏறி
ஏழாம் மாடி போனது.

கொட்டாரத்திலிருந்து இரண்டு சாக்குச் சாணம் வந்தது.
பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்:
"வெள்ளம் தெளிய வெல்லம் பத்து கிலோ."
மேலாளர் சென்னியப்பன் சார் ஈரோட்டுக்காரர்.
அவருக்கு வெள்ளம் என்பது
வீட்டுக்குள் புகுந்து பாத்திரத்தைத் தூக்கிப் போவது.
எங்களுக்கு
தம்ளரில் ஊற்றிக் கொடுப்பது.
இரண்டு தடவை படித்தார்.
"எங்கய்யா வெள்ளம்?" என்று
வாசலை எட்டிப் பார்த்தார்.

வெல்லத்தைக் கரைத்து ஊற்றினேன்.
சீக்காளிக்குக் கஞ்சி கொடுக்கிற மாதிரி
கொஞ்சம் கொஞ்சமாக.
ஒன்பதாம் நாள்
தொட்டியில் முதல்மழை மண்ணின் மணம்.
கண்ணாடிக் குடுவையில் மொண்டு வைத்து
அரைமணி நேரம் காத்திருந்தேன்.
சேறு தன் பாட்டுக்கு அடியில் போய்ப் படுத்தது.
மேலே நின்றதன் வழியாக
சுவர்க் கடிகாரம் தெரிந்தது.
மணி ஆறு பத்து.
வெளியே கைதட்டல் கேட்டது.
சூரியனுக்கு.

கத்தரிப்பூ நிறக் குழாயில் அது மறுபடி மேலே ஏறும்.
கழிப்பறைக்கு, புல்தரைக்கு,
பஸ் கழுவும் இடத்துக்கு.
நானூற்றி மூன்றாம் அறை அம்மா
கோப்பையில் மஞ்சளாய் நிற்கிறதென்று போன் செய்தார்.
நீங்கள் நேற்று விட்டதுதான் என்று
சொல்லவில்லை.
வணக்கம் சொன்னேன்.

முன்பு தினம் நாலு டேங்கர் குடிவெள்ளம்
இந்தப் பளிங்குக் கோப்பைகளில் இறங்கிப் போகும்.
இப்போது இரண்டு போதும்.
மிச்ச இரண்டும் எங்கே போகிறது என்று
லாரிக்கார இஸ்ரவேலிடம் கேட்டேன்.
"பக்கத்து லாட்ஜுக்கு."
சிரித்தான்.
பிறகு, நான் முகம் திருப்பியதைப் பார்த்து,
"வெள்ளிக்கிழமை ஒரு லோடு
ஒங்க கடப்புறத்துக்கும் போவுது."

ஒரு லோடு.
எங்கள் தெருவில்
கோயில் மணிக்கூண்டு வரை குடம் நிற்கும்.
நீலம், பச்சை, வாய் உடைந்த ஆரஞ்சு.

வீட்டில் பெர்னதீத்
அரிசி களைந்ததில் சாளை கழுவி
சாளை கழுவியதைத்
தென்னை மூட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.
ஒரு படிப்பும் படிக்கவில்லை அவள்.
என் சான்றிதழ்
சட்டம் போட்டு
அவள் தலைக்கு மேல் தொங்குகிறது.

சோப்பு எடுத்துத் தந்துவிட்டுக் கேட்டாள்:
"ஒனக்க வெள்ளத்த நீ குடிப்பியா?"
மாட்டேன் என்றேன்.
"பின்ன என்னத்துக்குச் செய்யித?"
"குடிக்காம இருக்கத்தான்.
இதைக் கக்கூசில விட்டாத்தான்
மற்றது குடத்துக்கு வரும்."
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கை கழுவிய தண்ணீர் விழும் இடத்துக்கு
வாளியைக் காலால் தள்ளினாள்.

நாளை பௌர்ணமி.
சூரியன் மறைகிறதையும் நிலா எழும்புகிறதையும்
ஒரே கரையில் பார்க்க
அறை எல்லாம் நிறைந்துவிட்டதாம்.
எனக்கு இரண்டு மூட்டை
குளோரின் கூட வேண்டும்.