கச்சானுக்கு இரும்பு

சனிக்கிழமை ஒரு மாப்பிள்ளையோடு ஓடிப்போனான்.
உப்புவெளிக் கரையில் கல்யாணப் படப்பிடிப்பு.
சரிகைக் கோட்டு, தலைப்பாகை, வாடகை வாள்.
ட்ரோன் குளவிக்கூடு போல இரைந்து தாழ்ந்தது,
அவ்வளவுதான்.
சல்லி முகத்துவாரம் வரை நிற்கவில்லை.
கரைவலை இழுத்தவர்கள் கயிற்றை எறிந்துவிட்டுச் சிதறினார்கள்.
தலைப்பாகை கடலில்,
மாப்பிள்ளை சேற்றில்,
வாளை மட்டும் விடவில்லை.
மணப்பெண் சிரித்த சிரிப்பு
அந்த வீட்டில் இன்னும் முடிந்திருக்காது.
எனக்குக் காசு வரவில்லை.

நுவரெலியாவில் ஐந்து பந்தயம் ஓடித் தோற்றவன்.
கட்டாருக்குப் போகுமுன் பெயர் வைத்தது என் மனுசன்.
காற்றுக் கச்சானா, தின்னும் கச்சானா என்றேன்.
நிறத்துக்கு ஒன்று, ஓட்டத்துக்கு ஒன்று
என்றுவிட்டு பஸ் ஏறினார்.

ஞாயிறு முழுக்க அவன் வாய்க்குள் பார்த்தேன்.
ஈறில் புண்ணில்லை. பல்லில் கூரில்லை.
முதுகைத் தடவினேன், சேணம் உரசிய தடமில்லை.
நோவென்றால் மருந்து இருக்கும்.
இது வெறும் பலம்.
பழைய இரும்பின் நடுமூட்டை
நாக்கால் தள்ளிக் கடைவாயில் கவ்விக்கொண்டு
என்னையும் சேர்த்து இழுக்கப் பழகியிருந்தான்.

தென்னீர்க்கை வாய்க்குக் குறுக்கே பிடித்து
இரு முனையிலும் நகத்தால் கீறினேன்.
மகளின் அடிமட்டத்தில் ஐந்தேகால் அங்குலம்.

பாலையூற்றில் பல்தசாரின் வெல்டிங் கடை.
மேசையில் மூன்றை வைத்தார்.
முறுக்குக் கம்பி ஒன்று: "இது நிப்பாட்டும்."
விரலை ஓட்டிப் பார்த்தேன்.
நிப்பாட்டும், நாக்கையும் சேர்த்து.
இரண்டாவதன் கைகள் ஒரு சாண்;
அதைப் பிடிப்பவளின் கோபம் பத்து மடங்காகும்.
எனக்குக் கோபம் வரும். என்னைத் தெரியும்.
மூன்றாவது நாலு விரல் கை,
நாக்குக்கு இடம்விட்டு வளைந்த நடு,
அதில் உருளும் ஒரு செப்புக் குண்டு.
விலைதான் கடித்தது.
எடுத்து என் வாயில் குறுக்கே வைத்தேன்.
பல்தசார் மரியாதைக்கு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.
பழைய ஐந்து ரூபாய்க் குற்றி.
மழைக்கு முந்திய தகரக் கூரை.
சரி, என்றேன், வாயில் இரும்போடே.

விடிய, கக்கத்தில் வைத்துச் சூடாக்கிப் போட்டேன்.
கடைவாயில் ஒரு சுருக்கம் போதும்.
இரண்டாவது விழுந்தது, ஒரு துளை இறக்கினேன்.
தாடைச் சங்கிலி தட்டையாய், திருகாமல்,
இரண்டு விரல் போய்வர.
தலையை உதறினான். நுரைத்தான்.
குண்டைக் கண்டுபிடித்தான்.
கிர்ர், கிர்ர், கிர்ர்.
வலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வழமையான இடத்தில் வழமைபோல் பாய்ந்தான்.
நானும் வழமைபோல் இழுத்தேன், தோள்வரை.
குந்திவிட்டான், நாய் குந்துவதுபோல.
நான் அவன் கழுத்துக்கு மேலாகப் போய்
மணலில் விழுந்து வானம் பார்த்தேன்.
அதுவரை தெரியாது
மூன்று வருசமாய் நான் எவ்வளவு பலத்தில் இருந்தேன் என்று.

ஏறினேன். பெருவிரல், சுட்டுவிரல்,
வேறெதுவும் வாரில் படாமல்.
மீண்டும் பாய்ந்தான்.
விரலை மூடினேன்,
உப்பு அளவு பார்ப்பதுபோல.
நின்றான்.
நான் நிறுத்தினேனா,
வாயில் கேட்ட சத்தத்தை யோசிக்க நின்றானா,
சொல்லத் தெரியாது.
காது மட்டும் பின்னால் என்னிடம் திரும்பியிருந்தது.
சல்லிப் பக்கம் கடல் வெறுமையாய் மின்னியது.
கை நடுங்கிக்கொண்டேயிருந்தது, இழுக்காத கை.

இறங்கிச் சட்டைப்பையில் இருந்ததைக் கொடுத்தேன்.
முதலில் கழற்றியிருக்க வேண்டும், பொறுக்கவில்லை.
கோதும் செம்பும் பல்லும்
ஒன்றாய் அரைபட,
பச்சை நுரை என் முழங்கையில் வடிய,
கச்சான் கச்சான் தின்றான்.