முள்

பாதிக்கோட்டைத் தாண்டினால்
முள் என் தொண்டையில் நிற்கும்.
பகல் ஒன்றே கால், சித்திரை,
பாம்பன் பாலத்தின் மேட்டில்.
கீழே ரயில் வருகிறதென்று
முன்னால் இருபது வண்டிக்காரர்கள் இறங்கி
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து படம் பிடிக்கிறார்கள்.
ரயிலுக்கென்ன, கடலுக்கு மேலே உலாப் போகிறது.
என் பழைய இண்டிகாதான்
நின்ற இடத்தில் வேகிறது.

காற்றும் இல்லை.
கச்சான் எழுந்திருந்தால் நேரே மூக்கில் அடிக்கும்,
ரேடியேட்டர் குடித்துக்கொள்ளும்.
இன்றைக்கு இஸ்திரி போட்ட லுங்கி மாதிரி
கடல் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.
இரண்டு பக்கமும் இத்தனை தண்ணீர்,
ஒரு குவளை இதற்கு ஆகாது.
உப்பு ஏற்கெனவே தின்றது போதும்.
கிரில்லுக்குப் பின்னால் அந்த மெல்லிய தகடுகளை
சனிக்கிழமைதோறும் நல்ல தண்ணீரில்
பிள்ளைக்குச் சிக்கெடுக்கிற பதத்தில் கழுவுகிறேன்.
அப்படியும் இரண்டு விரற்கடை உதிர்ந்துவிட்டது.

வண்டியில் மூன்று பேர்,
மதுரையிலிருந்து வந்த வங்கித் தணிக்கைக்காரர்கள்.
"ஏசியை அணைக்கிறேன் சார், கண்ணாடியை இறக்கிக்கங்க."
இறக்கினார்கள்.
"இப்ப ஹீட்டரைப் போடப்போறேன்."
பின்னால் ஒருவர் சிரித்தார்,
பிறகு சிரிக்கவில்லை.

நாலாம் நம்பரில் ஊதியது.
இஞ்சினின் காய்ச்சல்
எங்கள் முழங்காலுக்கு இறங்கியது.
அதன் சூட்டில் ஒரு பங்கை
நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.
நியூட்ரலில், முட்டையை மிதிப்பதுபோல்
ஆக்சிலேட்டரை ஆயிரத்து இருநூறில் பிடித்தால்
உள்ளே பம்ப் கொஞ்சம் ஓடிச் சுற்றும்.
முன்வண்டி ஒரு முழம் நகர்ந்ததும் போய் ஒட்டக்கூடாது.
இடம் சேரவிட்டு, ஒரே உருளலில் போக வேண்டும்.
பின்னால் ஹாரன் அடிப்பவனுக்கு இது தெரியாது.
அடிக்கட்டும்.

முன்சீட்டில் தணிகைநாதன்,
சட்டை முதுகோடு ஒட்டி, மூக்குக்கண்ணாடி வழுக்கி:
"வண்டியை இந்த நிலைமையிலயா வச்சிருப்பாங்க?
ஒரு ரேடியேட்டர் மாத்த எவ்வளவு ஆகிடும்?"

"அதுக்குத்தான் சார், மாசியில பணம் வாங்கினேன்.
உங்க பாம்பன் கிளையில.
ஜெசிந்தாவோட சங்கிலி, பதினொரு கிராம்.
பணம் வந்த அன்னிக்கு
ஸ்கூல்ல இருந்து போன் வந்துருச்சு."
சொல்ல நினைக்கவில்லை.
ஹீட்டர் சொல்ல வைத்தது.

கொஞ்ச நேரம் ஊதல் சத்தம் மட்டும்.
காலையிலிருந்து பை பையாகப் பிரித்து
எடை போட்ட மனிதர்.
கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி
என்னைப் பார்க்காமல் முள்ளைப் பார்த்துக் கேட்டார்:
"கொக்கி பத்தவச்ச சங்கிலியா?
சின்னதா ஒரு சிலுவை?"

நான் சாலையைப் பார்த்தேன்.
எடை சரியாக இருந்ததா என்று
கேட்கத்தான் வாய் வந்தது.
முள் முக்காலிலிருந்து ஒரு மயிரிழை இறங்கியது,
அல்லது எனக்கு அப்படிப் பட்டது.

ரயில் போய்விட்டது.
போனைத் துடைத்துக்கொண்டே ஆட்கள் கதவு சாத்தினார்கள்.

மண்டபத்தில் ஒரு பூவரச நிழலில் ஓரங்கட்டினேன்.
இஞ்சினை உடனே அணைக்கவில்லை.
அணைத்தால் தண்ணீர் நின்றுவிடும், சூடு நிற்காது.
பானெட்டைத் தூக்கியதும்
உதவி செய்கிற வேகத்தில் தணிகைநாதன்
மூடியைத் திருகக் கை நீட்டினார்.
மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.
பிடித்த கையில், முழங்கை வரைக்கும்,
வெளுத்துச் சுருங்கிய தோலைப் பார்த்தார்.
"எப்பத் திறக்கலாம்?"
"தொட்டா கை தாங்கணும் சார்.
அதுவரைக்கும் அதை ஒண்ணும் கேட்கக்கூடாது."

அவர் போய் நுங்கு வாங்கி வந்தார்,
எனக்கும் சேர்த்து.

உச்சிப்புளி தாண்டும்வரை
யாரும் ஏசி கேட்கவில்லை. நானே போட்டேன்.
ராமநாதபுரத்தில் வாடகையை எண்ணிக் கொடுத்தார்,
பேசிய தொகை, பிடித்தம் இல்லை.
இறங்கியவர் கதவைச் சாத்தாமல்
பஸ் நிலையத்தின் கூரையிடம் சொல்வதுபோல்
"எடை சரியாத்தான் இருந்துச்சு" என்றார்.