வலது முன்னங்கால் ஓரடி முன்னே

வேப்பேரி கால்நடை மருத்துவமனையின் பின்கட்டு.
காலை ஆறே கால்.
மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன்,
அதன் கிரீச்சுக்குச் சிட்டு காதை மடக்குகிறது.

மெரினாவிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்கள்,
பால் வண்டிகளுக்கும் முன்னால்,
தஸ்தகீர் பாயும் அவர் குதிரையும்.
கிண்டியில் ஓடிய நாளில் அதற்கு
வாய்க்குள் அடங்காத ஒரு இங்கிலீஷ் பெயர்.
கடற்கரையில் சிட்டு.
சுற்றுக்கு நூறு ரூபாய், போட்டோ தனி.

போன வெள்ளிக்கிழமை மணலில்
முன்கால் மடங்கி நின்றுவிட்டதாம்.
மேலே ஒரு பையன். விழவில்லை.
"குதிரை கும்பிடுதுன்னு
சிரிச்சான் டாக்டரம்மா."

முழங்கைக்குப் பின்னே
போஸ்ட் கார்டு அளவுக்கு மயிரை மழித்தேன்.
ஸ்பிரிட். அப்புறம் ஜெல்.
ஈயை உதறுவதுபோல் தோல் ஒருமுறை சிலிர்த்தது.
வலது முன்னங்கால் ஓரடி முன்னே வர வேண்டும்.
பாய் முட்டியைத் தொட்டார், வந்தது.
எங்கள் மாணவர்கள் என்றால் மூன்று பேர் இழுப்பார்கள்.

விலாவுக்கும் விலாவுக்கும் நடுவே
சந்து தேடி அலைந்து, கிடைத்து,
மழைநாள் டிவிபோல் புள்ளிகள்.
அதற்குள் மெதுவாக
ஒரு முஷ்டி மூடித் திறந்தது.
முஷ்டியா?
தவலை. நாலு கிலோ இருக்கும்.
நிமிடத்துக்கு முப்பத்திரண்டு.

ஒன்று. இரண்டு. மூன்று.
நான்காவது வரவில்லை.
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
பாதி திறந்த வால்வு
அப்படியே நின்றது திரையில்.
பாய் என் முகத்தைப் பார்த்தார்.
பிறகு வந்தது,
எந்த அவசரமும் இல்லாமல்.

"இது நோவு இல்ல பாய்.
சும்மா நிக்கிற குதிரை
நடுவுல ஒண்ணு விட்டுடும்.
பயந்தா விடாது."
"அப்ப இப்ப பயப்படல?"
"படல."
அவருக்கு அது போதும்போல் இருந்தது.

வண்ணத்தைப் போட்டேன்.
வருவது சிவப்பு, போவது நீலம்.
பெருந்தமனி வால்வின் விளிம்பில்
இரண்டிலும் சேராத பச்சைமஞ்சள் கீற்று,
கதவு மூடிய பிறகும்
பின்னால் வழிந்துகொண்டிருந்தது.
அளந்தேன். மறுபடி அளந்தேன்.
இடப்பக்கம் போயும் பார்த்தேன்,
சின்னதாகத் தெரியாதா என்று.

"கசியுது பாய்."
"எங்க தெருக்குழாய் பதினஞ்சு வருசமா ஒழுகுது.
தண்ணி வராமயா போச்சு?"
"குழாய் மேல யாரும் சவாரி போறதில்லையே."
சொன்ன பிறகுதான்
என் குரல் எனக்கே கேட்டது.

ரத்தத்தின் ஒலியைத் திறந்தேன்.
உஷ்ஷ்... உஷ்ஷ்...
சிட்டு இரண்டு காதையும்
வாசல் பக்கம் திருப்பியது.
வாசலில் கடல் இல்லை.
பெரியமேட்டுக்குத் தோல் ஏற்றிப் போகும் லாரி ஒன்று
ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.

எழுதினேன்:
ஆள் ஏற்றக் கூடாது. ஓட்டக் கூடாது.
ஆறு மாதத்தில் மறுபடி.
"சும்மா நிக்க வச்சு போட்டோ?"
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
"நெழல்ல," என்றேன்.

தோள்துண்டால் ஜெல்லைத் துடைத்தார்.
மழித்த இடத்தில் கை கொஞ்சம் தங்கியது.
"இது எப்ப முளைக்கும்?"
"ஒன்றரை மாசம் ஆகும். போட்டோவுல தெரியும்."
"பரவால்ல," என்று கயிற்றை எடுத்தார்.
"அந்தப் பக்கமா நான் நின்னுக்கறேன்."