சின்னக் கசிவு

வைகாசியில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு
எனக்கு மூக்கு இருக்கிறது, மணம் இல்லை.
மல்லித்தூளும் மண்ணெண்ணெயும் ஒன்றுதான்.
அதனால் சுகிர்தா காரில் ஏறி
கதவைச் சாத்த முன்னமே
"பெற்றோல் மணக்குது" என்றபோது
சீனக்குடாப் பக்கம் கையைக் காட்டினேன்.
அங்கே எத்தனை தாங்கிகள்,
காற்று அள்ளிக்கொண்டு வரும் என்றேன்.

"காற்று அங்கயிருந்து வரேல்லை."
ஐந்து மாதம் அவளுக்கு.
அடுத்த வீட்டில் மீன் பழசென்றால்
இங்கிருந்தே சொல்லிவிடுகிற மாதம்.

மூன்றாம் நாள் மஞ்சள் விளக்கு எரிந்தது.
கிண்ணியா றிப்கான் ஸ்டியரிங்குக்குக் கீழே
உள்ளங்கையளவு கருவியொன்றைக் குத்தி
தொழுகைபோல் மெல்ல வாசித்தான்:
பூச்சியம், நான்கு, ஐந்து, ஆறு.
"ஆவி போகுது அண்ணன். சின்னக் கசிவு.
பெரிசெண்டால் லேசு."

முதலில் மூடியை மாற்றினோம்.
எல்லாரும் முதலில் மூடியைத்தான் மாற்றுவார்கள்.
விளக்கு அணைந்தது. நான் வென்றேன், நான்கு நாள்.
ஐந்தாம் நாள் கிளினிக்குக்குப் போகும்போது
மட்டிக்களியில் நிறுத்தச் சொல்லி
இறங்கி வாந்தியெடுத்தாள்.
நான் விளக்கைப் பார்த்தேன். மஞ்சள்.

பெற்றோல் வரிசையில் இரவிரவாய்க் கிடந்த காலத்தில்
எனக்கு மூக்கு இருந்தது.
ஒரு சொட்டு நிலத்தில் விழுந்தாலும்
வரிசையே திரும்பிப் பார்க்கும்.

றிப்கானின் புகை மெஷின் அவனே செய்தது:
பால்மாத் தகரம், டீசல் வண்டியின் ஹீட்டர் பிளக்,
மெத்தைக்குக் காற்றடிக்கும் பம்பு,
குழந்தைக்குப் பூசுகிற எண்ணெய் அரைக்கோப்பை.
எண்ணெயைச் சுகிர்தா கொடுத்தாள்.
பிறக்க முன் ஒன்றும் வாங்கக்கூடாது என்ற மாமிக்குத் தெரியாமல்
அலுமாரியில் ஒளித்துவைத்திருந்தது.

பகலில் சரிவரவில்லை. கச்சான் காற்று
புகை எட்டிப்பார்க்க முன்னமே கொண்டுபோனது.
இஷாத் தொழுகை முடித்து இரவு வந்தான்.
பாலையூற்றில் ஒரு இலைகூட அசையவில்லை.
தகரத்தைப் பத்தடி தள்ளி வைத்து
"பத்தினால் நாம இல்லை" என்றான், சிரிக்காமல்.

காரின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி,
குற்றி இரண்டு கொடுத்து,
பாயில் மல்லாந்து கிடந்தோம்.
ரோச் வெளிச்சத்தில் துரு, சேறு,
காய்ந்துபோன ஒரு தவளை.
பம்பு முனகியது.
கரி நிரம்பிய கறுப்புப் பெட்டி. ஒன்றுமில்லை.
அதற்கு வருகிற குழாய். ஒன்றுமில்லை.
அந்தக் குழாயின் முழங்கை.
தலைமயிர் ஒன்று எழுந்து நின்றதுபோல
வெள்ளையாய்

ஆடியது, மடிந்தது,
சில்லின் உட்புறம் போய்க் காணாமற்போனது.
விரலை வைத்தேன், நின்றது.
எடுத்தேன், வந்தது.
இரண்டு கிழமையாக இதைத்தான் அவள்
கண்ணை மூடிக்கொண்டு பார்த்திருக்கிறாள்.

கிளிப் கடித்த இடம்.
போன வருடம் நான் போட்ட கிளிப்.
குலுங்குகிறதே என்று ஒரு சுற்று,
நல்லதுக்குத்தானே என்று இன்னும் அரைச் சுற்று.
"ஆரு இப்பிடி இறுக்கின?" என்றான் றிப்கான்.
"முந்தி ஒரு மெக்கானிக்" என்றேன்.

வெடித்த ஓரங்குலத்தை பிளேடால் வெட்டியெறிந்து
மிச்சத்தை இழுத்து ஏற்றினான்.
புதுக் கிளிப் நூற்றிருபது ரூபா.
அதை இரண்டு விரலால் மட்டும் இறுக்கினான்,
என் முகத்தைப் பார்த்தபடி.

விளக்கு உடனே அணையாதாம்.
கார் இரவு முழுக்க ஆற வேண்டும்.
தாங்கி நிரம்பியும் இருக்கக்கூடாது, வற்றியும் இருக்கக்கூடாது.
பிறகு அது தன்னைத் தானே சோதித்து
மனம் வந்தால் அணைக்கும்.

காலையில் நிலாவெளி வீதியால் போனோம்.
மஞ்சள் எரிந்துகொண்டே வந்தது.
சுகிர்தா கண்ணாடியை ஏற்றிவிட்டு
நாலு தரம் மூச்சை இழுத்தாள்.
சாம்பல்தீவுப் பாலத்தில் கண்ணாடியை இறக்கி
"இப்ப கடல்" என்றாள். "கொஞ்சம் கருவாடு."
நானும் இழுத்துப் பார்த்தேன். குளிராக இருந்தது, அவ்வளவுதான்.
"அந்தக் கிளிப்பை இறுக்கினது நான்தான்" என்றேன்.
"றிப்கான் ராத்திரியே சொல்லிப்போட்டான்."