பூஜ்யம்

செவ்வாய்ப்பேட்டைச் சந்தில்
பூந்திக்கொட்டை நுரையில் கொலுசு கழுவிய தண்ணீர்
என் கடை வாசலைத் தாண்டித்தான் சாக்கடைக்குப் போகும்.
அதிலும் வெள்ளி கிடக்குமென்று அரிக்க வருகிறவர்கள் உண்டு.
என் வேலை லேசர்.
குத்துவிளக்கில் மணமக்கள் பெயர்,
டம்ளரில் குழந்தையின் இனிஷியல்,
டிபன் கேரியரில் அன்புடன் தாய்மாமன்.
எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு.
முக்கோணத்துக்கு என்ன விலை சொல்வது?

கேட்டவள் வனசுந்தரி,
அரசு ஆஸ்பத்திரி பிரசவ வார்டில் இரவுப்பணி.
ஒன்பது அங்குலச் செப்புத் தகட்டைத்
துண்டில் சுற்றிப் பச்சைப் பிள்ளைபோல நீட்டினாள்.
ஆடி கடைசி வெள்ளிக்குள் வேண்டும்.

முதல் காரியமே பிசகியது.
குவியம் பார்க்க மிதியை அழுத்தினேன்,
அட்டை வைக்க மறந்திருந்தேன்.
தகட்டின் நட்டநடுவே
கடுகில் பாதி, கறுப்பாய் ஒரு பொட்டு.
செம்பு விற்கிற விலையில்!
அவளிடம் சொல்லவில்லை.

திரையில் கோடு போடத் தொடங்கினேன்.
மூன்று வரி மதில், நாலு வாசல்,
பதினாறு இதழ், எட்டு இதழ்.
இதுவரை பள்ளிக்கூடக் கணக்கு.
உள்ளே ஒன்பது முக்கோணம் என்றதும்
கோடுகள் குணத்தைக் காட்டின.

மூன்று கோடு ஒரே புள்ளியில் கூட வேண்டும்,
பதினெட்டு இடத்தில். மர்மம் என்று அதற்குப் பெயராம்.
இரண்டு கூடினால் மூன்றாவது
மயிரிழை தள்ளி நிற்கிறது.
பெரிதாக்கினால் அந்த இடுக்கில்
அழையாத ஒரு முக்கோணம் உட்கார்ந்திருக்கிறது.
அதை மூடினால் எதிர்ப்பக்கம் இன்னொன்று வாய் திறக்கிறது.
அண்ணன், அக்கா, நான்
பத்திரப்பதிவு ஆபீசில் ஒரே நாளில் நிற்க
ஏழு வருஷம் ஆனது.

இரவு பதினொன்றுக்கு வனசுந்தரியின் குரல் பதிவு.
பின்னால் ஒரு பெண் கத்துகிறாள்.
"நாலு மேல பாக்கும், அஞ்சு கீழ பாக்கும்,
மாத்திப் போட்டுடாத.
கீழ பாக்கறதுதான் அவ.
இங்க நிக்கறவளுக்குத் தெரியும்,
எல்லாரும் எந்த முக்கோணத்து வழியா வந்தோம்னு.
வெச்சிடறேன், தலை தெரியுது."

மொட்டைமாடிக்குப் போனேன்.
ஏற்காடு ஏறும் வண்டி வெளிச்சம்
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அணைந்து
எதிர்த்திசையில் முளைத்தது.
மேலே போகிறவன் பாதி வழி
புறமுதுகு காட்டியே போகிறான்.
விடிந்து மூக்கனேரிக் கரையில் நின்றால்
சேர்வராயன் தலைகீழாய்த் தண்ணீரில் இறங்கியிருக்கும்.
காற்று வந்தால் கலைவது அந்த மலைதான்.
காற்று போனதும்
யாரும் அடுக்காமல் அடுக்கிக்கொள்வதும் அதுதான்.

கீழே வந்து
ஒற்றைக் கோட்டை இழுப்பதை விட்டேன்.
ஒன்பதையும் ஒன்றோடொன்று கட்டிவிட்டேன்,
ஒன்று அசைந்தால் எல்லாம் அசையும்படி.
மூன்று மணிக்குப் பதினேழு மர்மம் கூடியது.
பதினெட்டாவது கூடவில்லை.
கோட்டின் தடிமன் அதை விழுங்கிவிடும் என்று விட்டேன்.
விழுங்கியது.

நடுப்புள்ளியை மட்டும் மெஷின் ஏற்கவில்லை.
நீளமில்லை, அகலமில்லை,
ஆகவே பொருளில்லை என்று தானாக நீக்கியிருந்தது.
கரியைத் துணியால் துடைத்தேன்.
எல்லாவற்றுக்கும் உள்ளே இருந்த முக்கோணத்தில்
அந்தப் பொட்டு,
நான் மறைத்த பொட்டு,
எந்தக் கோட்டுக்கும் முன்னால் விழுந்தது.
திரையின் மூலையில் எக்ஸ் பூஜ்யம், ஒய் பூஜ்யம்.
இரவெல்லாம் நான் அளந்தது
எதிலிருந்து என்று அப்போதுதான் பார்த்தேன்.

காலையில் வந்தாள், கையில் டெட்டால் வாசம்.
"என்ன குழந்தை?" என்றேன்.
"பொண்ணு. ரெண்டே முக்கால் கிலோ."
தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தவள்,
"பொட்டு கடைசியா வெச்சியா?"
"இல்ல. மொதல்ல."
"அப்பச் சரி" என்று துண்டில் சுற்றிக்கொண்டாள்.

பில் போட்டேன்.
இதழுக்கு, முக்கோணத்துக்கு, மதிலுக்கு எல்லாம் ஒரு விலை.
நடுப்புள்ளி ஒன்று என்று எழுதி
எதிரே வட்டமாய்ச் சுழித்தேன்.