நாலு விரக்கடை இடப்பக்கம்

கடன் என் பேரில்தான்.
பொம்பளை பேரில் எடுத்தால்
வட்டியில் அஞ்சு பைசா குறைச்சல் என்றார் மேனேஜர்.
அந்த அஞ்சு பைசாவுக்கு
இப்போது போன் எல்லாம் எனக்கே வருகிறது.

"கலாமணி மேடம்ங்களா?"
மாசக் கடைசியில் வெல்லம் கரைத்த குரல்.
அஞ்சாம் தேதி தாண்டினால்
மேடம் உதிர்ந்துபோய்
வெறும் கலாமணி ஆகிவிடுகிறேன்.

அனுப்பர்பாளையத்தில் சாம்பிள் செக்‌ஷன், பதினோரு வருசம்.
ஜெர்மன்காரன் குழந்தைக்குக்
கழுத்து எத்தனை சென்டி, கைச்சுற்று எத்தனை சென்டி,
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
ஆர்டர் நின்ற வெள்ளிக்கிழமை
எங்கள் ஒன்பது பேருக்கும் ஒரே மாதிரி பேப்பர்.
இஞ்ச் டேப்பைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.
கொடுக்கவில்லை.
சுருட்டி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு
டவுன் பஸ் ஏறினேன்.

அந்த டேப்பை வைத்து ஒரு ராத்திரி வீட்டை அளந்தேன்.
நாலு வருசம் கட்டினது எட்டு லட்சத்து அறுபது.
அசலில் கழிந்தது நூற்றுக்கு எட்டரை.
அறுநூற்றி இருபது சதுர அடியில்
நமக்கென்று எவ்வளவு தேறும் என்று பார்த்தால்
சமையல்கட்டு.
அதுவும் சிங்க் வரைக்கும்தான்.
அதற்கப்புறம் நான் நடப்பதெல்லாம்
பேங்க்காரன் தரை.

முதல் மாசம் கொடியை அடகு வைத்தோம்.
ரெண்டாம் மாசம் வைக்க ஒன்றுமில்லை;
செக் திரும்பினதற்கு ஐநூற்றித் தொண்ணூறு அபராதம்.
இல்லாதவளிடம்
இல்லாததற்கென்று ஒரு ரசீது.

மூணாம் மாசம் இவர்தான் சொன்னார்,
பாய்லர் சூட்டில் வெந்த கையைத் துடைத்துக்கொண்டே:
"கீழ வாடகைக்கு உட்டுப்போட்டு
மேல சீட்டு ரூமுக்கு ஏறிக்கலாம்."
சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல்
மோட்டாரைப் போடப் போய்விட்டார்.
தொட்டி நிரம்பி வழிந்தும்
வரவில்லை.

வந்தவர்கள் வேடசந்தூர்ப் பக்கம், பிரிண்டிங் பட்டறை வேலை.
கைப்பிள்ளைக்காரி ரூம் ரூமாகப் பார்த்துவிட்டு
"ஓனர் நீங்கதானா?" என்றாள்.
"ஓனர் பல்லடம் ரோட்டுல ஏசி ரூம்ல உக்காந்திருக்காருங்.
நாங்க சாவி மட்டும் வெச்சிருக்கறோம்"
என்றார் இவர்.
அவள் அதை நம்பிக்கொண்டு தலையாட்டினாள்.
நான் சிரித்துத் தொலைத்தேன்,
ரொம்ப நாளைக்கப்புறம்.

வாடகை எட்டாயிரத்து ஐநூறு.
மீதிக்கு நான் பிசிறு வெட்டுகிறேன்,
பீஸுக்கு முப்பது பைசா.
மாசம் முப்பத்தோராயிரம் பனியன்
என் மடியில் ஏறி இறங்க வேண்டும்.
மத்தியானம் தகரம் கொதிக்கையில்
துணிமூட்டை நிழலில் படுத்துக்
கத்தரியைத் தேடிக்கொண்டே தூங்கிப்போகிறேன்.

இதைச் சொல்ல வேண்டும்:
கிரகப்பிரவேசம் முடிந்ததிலிருந்து
அந்த வீட்டில் ஒரு ஆணி அடிக்க விட்டதில்லை இவர்.
"பட்டி பாத்த செவுரு, பேந்துரும்."
காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும்.
கல்யாண போட்டோ நாலு வருசமும்
பீரோவில் சாய்ந்தே நின்றது,
யாரோ கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிற
ஒறம்பரை மாதிரி.

போன அஞ்சாம் தேதி
பணம் பிடித்துக்கொண்டதாக மெசேஜ் வந்தது.
இன்னும் நூற்றித் தொண்ணூறு.
சாப்பிட உட்கார்ந்தோம்.
கீழேயிருந்து
டக்.
இவர் உருட்டின சோறு கையிலேயே நின்றது.
டக். டக்.
எழுந்தார்.
எச்சில் கையோடு படியிறங்கினார்.
"சண்டை வேண்டாங்க, வாடகை போயிரும்" என்று
சொல்ல வாயெடுத்தேன்; குரல் வரவில்லை.

"தம்பி, அங்க வேண்டாமுங்,
உள்ளார ஒயரு போகுது.
நாலு விரக்கடை இடப்பக்கம்.
ஆ... அங்க. இப்ப அடிங்க."

மேலே வந்தபோது கையில் ஒரு ஆணி.
"மிச்சமாம்" என்று
அரிசி டப்பா மேல் வைத்தார்.
வட்டிலை முன்னுக்கு இழுத்து
"ரசம் கொஞ்சம் ஊத்து" என்றார்.